இடுப்பு மூட்டு: முன்வழியா, பின்வழியா?

கேள்வி: அக்கா, எனக்கு 61 வயது. அடுத்த மாதம் வலது இடுப்பு மூட்டை மாற்றுகிறார்கள். என் டாக்டர் பின்பக்கமாக அறுத்துச் செய்பவர். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்பக்கமாகச் செய்தார்கள். மூன்றே வாரத்தில் தடியை விட்டுவிட்டார். நான் டாக்டரை மாற்றட்டுமா? வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதலும் இருக்கிறது.
வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, எனக்கு இடது இடுப்பைப் பின்வழியிலும், ஐந்து வருஷம் கழித்து வலது இடுப்பை முன்வழியிலும் மாற்றினார்கள். பட்டதைச் சொல்கிறேன்.

முன்வழியில் தசைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு மூட்டுக்குப் போகிறார்கள். முதல் சில வாரம் அது சுகம்தான். மூன்றாம் வாரமே தடியில்லாமல் அடுப்படிக்குப் போனேன். பின்வழிக்கு ஆறு வாரம் பிடித்தது. ஆனால் மூன்றாம் மாதம் டர்பன் கடற்கரையில் நடந்தபோது இரண்டு தடவையும் ஒரே தூரம், ஒரே களைப்பு. முன்வழியில் வேறொரு தொல்லை உண்டு. தொடையின் வெளிப்பக்க நரம்பு அங்கேதான் ஓடுகிறது. எனக்கு அந்த இடத்தில் புடவை உரசுவதுகூட இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

பின்வழியில் பயப்பட வேண்டியது மூட்டு நழுவுவதற்குத்தான். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே, காலை உள்பக்கம் திருப்பாதே என்று 12 வாரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எந்தெந்த வேலைக்கு இடுப்பு அப்படி மடங்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் சாயங்காலம் காமாட்சி விளக்கேற்றக் குனிந்தேன். விளக்குத்தட்டு முழங்கால் உயரம். உள்ளே எதுவோ பிசகப் பார்த்ததுபோல் ஒரு வலி. சுவரைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டேன். நழுவவில்லை, முருகன் காப்பாற்றினான். மறுநாளே மகன் தட்டை மார்பு உயரத்துக்கு ஏற்றி அடித்தான். உங்கள் வீட்டில் விளக்கு, சோபா, கழிப்பறை மூன்றின் உயரத்தையும் இப்போதே பாருங்கள்.

டாக்டரை மாற்ற வேண்டாம். அவருக்குக் கைவந்த வழியிலேயே செய்யட்டும். புது மூட்டை எலும்போடு ஒட்டச் சிமெண்ட் வைப்பாரா, முதல் நாளே அந்தக் காலில் முழுப் பாரம் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிமெண்ட் இல்லாத மூட்டில் எலும்பு வளர்ந்து பிடிக்க வாரக்கணக்காகும். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

தைப்பூசத்துக்கு நடை வந்திருக்கும். ஆனால் காவடியைச் சுமந்து, சுடும் தாரில், கூட்டத்தின் நெரிசலில் மணிக்கணக்காக நிற்க அந்த இடுப்பை விடாதீர்கள். அன்றைக்குக் கோயிலில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுங்கள். டாக்டர் சரியென்றால் சித்திரைக் காவடியில் வேண்டுதலைச் செலுத்தலாம்.