படத்தில் தெரியாத அறை

கேள்வி: மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது. அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் நோ. காரைநகர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் இரண்டு அறை எடுக்கலாம் என்றிருக்கிறோம். படங்களில் எல்லாம் வடிவாகத்தான் தெரிகிறது. உள்ளே எப்படி இருக்கும், அக்கா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: தங்கச்சி, நான் 11 வருடம் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தவள். படம் எடுக்கிற நாளில் கட்டிலில் செவ்வரத்தம்பூ வைத்தவளும் நான்தான்.

‘கடல் தெரியும் அறை’ என்றால் தெரியும், அவ்வளவுதான். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. பல்கனியின் இடது மூலையில் நின்று, தண்ணீர்த் தாங்கிக்கும் சவுக்கு மரத்துக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் ஒரு முழம் நீலம். கூடுதல் காசு கொடுக்கமுன், கட்டிலில் இருந்தபடியே தெரியுமா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம்முடையது சுண்ணக்கல் நிலம். கரையோரக் கிணறுகளில் உவரும் சேரும். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்பாகிவிடும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருந்தால் அது ஊத்தை இல்லை, நம் ஊர்த் தண்ணீர். ஆனால் குடிக்கவும் தேநீர் போடவும் போத்தல் தண்ணீர் எத்தனை தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். பைப்பில் துரு இருந்தால் உப்புக்காற்றின் வேலை. துவாய் மணத்தால் அது ஹோட்டல்காரரின் வேலை.

மார்கழி என்றால் வாடைக்காற்று, மழை. காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் மற்றக் காலத்தில் வெகுதூரம் நடந்து போகலாம், கடல் அவ்வளவு ஆழமில்லை. அந்த நம்பிக்கையில் பிள்ளைகளை வாடைக்கு இறக்காதீர்கள். நீச்சல் தடாகம் வேலை செய்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு என்பார்கள். ஏசியும் ஓடுமா என்று கேளுங்கள். நான் விருந்தாளியாகப் போன ஓர் இடத்தில் லைட்டும் ஃபானும் மட்டும்தான் ஓடின. ஜன்னலோ திறக்க முடியாத கண்ணாடி. கதவைத் திறந்து வைத்து, விடியும் வரை நுளம்போடு இருந்தேன்.

சொல்லும் விலையில் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் வற் வரி 18 சதவீதமும் அடங்குமா? அடங்காவிட்டால் 20,000 ரூபா அறை 25,000ஐத் தாண்டும். அண்ணாவுக்குப் பெரிதாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கீழ்த்தட்டு அறைதான். குளியலறை வாசலில் படி இருக்கிறதா, கொமட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று கேட்டு, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பி இல்லையென்றால், இருந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் கதிரையாவது கேளுங்கள். என் மேசைக்குப் பின்னால் எப்போதும் இரண்டு கிடந்தன. கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தோம்.