மார்த்தாண்டம் நெரிசலுக்கும் முப்பந்தல் காற்றுக்கும் ஒரே பிளக்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு நாகர்கோவில் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என்னுடையது 1.3 லிட்டர் பெட்ரோல் கார். டர்போ பொருத்தியதில் 85 குதிரைத்திறன் 140 ஆகியிருக்கிறது. கம்பெனி போட்டிருந்தது என்.ஜி.கே. நிறுவனத்தின் 6ஆம் எண் ஸ்பார்க் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தருவது). டர்போ வண்டிக்கு 'கோல்ட் பிளக்' (குளிர்ந்த பிளக்)தான் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னதால் 9 போட்டேன். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆவதற்கே அடம்பிடிக்கிறது. மார்த்தாண்டத்தில் நின்று நின்று நகரும்போது மிஸ் ஆகிறது. கழற்றினால் பிளக் கரிக்கட்டை போல இருக்கிறது. எந்த எண் சரி?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 7 போடுங்கள் தம்பி. ஏன் என்பதையும் சொல்கிறேன். காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொரு நண்பர் சொல்லி 10 போட்டுவிடுவீர்கள்.

பிளக்கில் உள்ள அந்த எண் தீப்பொறியின் பலத்தைச் சொல்வதல்ல. 9 போட்டதால் பொறி பெரிதாகாது, இன்ஜினும் குளிராது. பிளக்கின் நுனி தன்மேல் ஏறும் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்மூடிக்கு) இறக்கிவிடுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உங்கள் பழைய 6ஐயும் இந்த 9ஐயும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். 6இல் நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் மூக்கு உள்ளே வெகு ஆழம்வரை தனியாக நிற்கும். 9இல் கொஞ்ச தூரத்திலேயே இரும்புக் கூட்டைத் தொட்டுவிடும். மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்கத் தாமதமாகும், நுனி கனன்றபடி இருக்கும். குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கிவிடும்; அதுதான் குளிர்ந்த பிளக். என்.ஜி.கே.வில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி.

நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850ஐத் தாண்டினாலோ, பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். ஓர் எண் மாறினால் நுனியின் சூடு 70 முதல் 100 டிகிரி மாறுகிறது. நீங்கள் ஒரே தாவலில் மூன்று எண் குளிர்ச்சிப் பக்கம் போயிருக்கிறீர்கள். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைவரை நம் சாலையில் வண்டி எங்கே ஓடுகிறது, ஊர்ந்து போகிறது. அந்த ஓட்டத்தில் 9ஆம் எண் பிளக்கின் நுனி 450ஐத் தொடவே தொடாது. கரி பிடித்தது அதனால்தான்.

75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஓர் எண் குளிர்ந்த பிளக் என்பது என்.ஜி.கே. நிறுவனமே சொல்லும் கணக்கு. உங்களுக்குக் கூடியிருப்பது 55. அப்படியானால் 6லேயே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விடக் கூடாது. டர்போ சின்ன இன்ஜினுக்குள் அழுத்தத்தையும் அதனோடு சூட்டையும் ஏற்றுகிறது. பழைய பிளக்கை அப்படியே விட்டதன் விலையை நான் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளரின் காருக்கு ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் அழுத்தத்தை) ஏற்றிக் கொடுத்தேன். வடசேரிக்கும் கோட்டாறுக்குமாக ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. பிளக்கை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. ஜூலை மாதம் அவர் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்தார். அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று எப்படிப் பாயும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளுக்கு அடியில் ஒருமுறை நின்றவர்கள் அறிவார்கள். எதிர்காற்றில் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே பல கிலோமீட்டர் வந்திருக்கிறார். மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்தச் சிலிண்டரின் பிளக் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை, அதில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். தரைக் கம்பியின் (பொறி வந்து விழும், நுனிக்கு மேல் வளைந்து நிற்கும் கம்பி) முனை, சப்பிய மிட்டாய் போல உருண்டு வழிந்திருக்கும். செலவு முழுவதும் என்னுடையது. தவறும் என்னுடையதுதான்.

ஆகவே 7 போட்ட பிறகு சோதித்துப் பாருங்கள். புதிய பிளக்குகளோடு, பாரம் விழும் ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ, வேக வரம்புக்குள், மூன்றாம் கியரில் நன்றாக இழுத்து ஓட்டுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டியதும் சும்மா ஓடவிடாமல் உடனே அணைத்துவிடுங்கள். சும்மா ஓடினால் புகைக்கரி படிந்து, பார்க்க வேண்டிய நிறத்தை மறைத்துவிடும். ஹெட் ஆறிய பிறகே கழற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வந்துவிடும்.

பீங்கான் இளம் பழுப்பாகவோ சாம்பல் பழுப்பாகவோ இருந்தால் நல்லது. தரைக் கம்பியிலும் சூடு ஏறிய இடம்வரை நிறம் மாறி ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு கம்பியின் வளைவில் நின்றால் எண் சரி. நுனிப் பக்கமே நின்றுவிட்டால் பிளக் அதிகக் குளிர்ச்சி. மரைப் பக்கம்வரை இறங்கிவிட்டால் அதிகச் சூடு. ஒன்றை மறக்காதீர்கள்: வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதை எந்தப் பிளக்கும் குணமாக்காது. அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி, இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) பெட்ரோல் அளவையும் சரிபார்க்க வேண்டும்.

இழுக்கும்போது மட்டும் மிஸ் ஆனால் எண்ணைத் தொடாதீர்கள். அது பிளக் நுனிக்கும் தரைக் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் கோளாறு. 1.1 மில்லிமீட்டர் இருந்தால் 0.7க்குக் கொண்டு வாருங்கள். டர்போ அழுத்தத்தில் பொறி அதிக தூரம் தாவாது. மரையின் நீளத்தையும் மாற்றாதீர்கள். 19 மில்லிமீட்டருக்கு உரிய ஹெட்டில் அதைவிட நீளமானது போனால் பிஸ்டனில் இடிக்கும். பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றும் வேலைகளுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

கேள்வி: என்.ஜி.கே. 6 இருந்த வண்டிக்கு, ஓர் எண் குளிர்ந்தது வேண்டும் என்று பாஷ் 8 வாங்கினேன். முன்பைவிட அதிகமாக இன்ஜின் தட்டுகிறது.
வாசகர், தக்கலை

பதில்: உடனே கழற்றுங்கள். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் ஏறினால் குளிர்ச்சி. பாஷ், சாம்பியனில் நேர்மாறு: எண் ஏறினால் சூடு. நீங்கள் வாங்கிய பாஷ் 8, என்.ஜி.கே. 5க்குச் சமம். ஓர் எண் எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். என்.ஜி.கே. 7க்கு இணை பாஷில் 6, டென்சோவில் 22. கடையில் எண்ணை மட்டும் சொல்லாமல் கம்பெனி பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெட்டியைப் பிரிக்கும் முன்பு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேள்வி: சரியான எண் போட்டும் நான்கு பிளக்குகளில் ஒன்று மட்டும் வெளுத்துப் போகிறது.
வாசகர், குளச்சல்

பதில்: முதலில் அது இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த பிளக் ஹெட்டோடு சரியாக ஒட்டாததால் சூடு இறங்க வழியில்லாமல் போகும். கடற்கரை ஊர்களில் உப்புத் துரு உட்காரும் இடத்தையும் அரித்திருக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள். வாஷர் உள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கைக் கையால் முட்டும்வரை சுற்றி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கினால் போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், அளவுக்கு மீறி இறுகிவிடும். அப்படியும் அதே சிலிண்டரில் வெளுத்தால் அதற்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.