அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாமாமே? டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் போகும் என் அக்கா மகனுக்கும் அது கிடைக்குமா?

சம்பாதிக்கலாம், சிலர் கோடிக்கணக்கில் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் உங்கள் அக்கா மகன் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறான் என்றால், அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

நான் இருப்பது ஐயோவா மாநிலத்தின் டி மொயினில். 2024 தொடக்கத்தில் இங்கே ஹைவீ கடைக்குப் பால் வாங்கப் போனால், சீரியல் டப்பாவில் கெய்ட்லின் கிளார்க்கின் படம் இருக்கும். பக்கத்து வெஸ்ட் டி மொயின் பெண். அப்போது ஐயோவா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த டப்பாவின் வருமானம் அவருடைய அறக்கட்டளைக்குப் போனது. நைக்கி, கேட்டரேட், ஸ்டேட் ஃபார்ம் என்று வரிசையாக வந்த ஒப்பந்தங்கள் அவருக்கு. படிப்பு முடிந்து தொழில்முறை லீகில் சேர்ந்தபோது முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர்தான். விளம்பரத்தில் வந்ததோடு பார்த்தால் அது கைச்செலவுக் காசு.

இதையே 2021 ஜூலை 1க்கு முன்னால் செய்திருந்தால் அவரை ஆடவே விட்டிருக்க மாட்டார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, படிப்புச் செலவு தவிர வேறு காசு வாங்கினால் தகுதி போச்சு என்று பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் டாட் கர்லி தன் கையெழுத்தை விற்று இரண்டு வருடத்தில் 3,000 டாலர் சொச்சம் வாங்கினார் என்று 2014-இல் நான்கு ஆட்டங்களுக்கு வெளியே உட்காரவைத்தார்கள். அவர் பயிற்சியாளருக்கு வருடச் சம்பளம் மில்லியன் கணக்கில் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2017-இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டி லா ஹே, யூடியூப் வருமானத்தை விடமாட்டேன் என்றதற்கு ஸ்காலர்ஷிப்பையே இழந்தார்.

இந்தத் தடை உடைந்தது கோர்ட்டில்தான். எட் ஓபேனன் என்ற பழைய கூடைப்பந்து வீரர், தெரிந்தவர் வீட்டு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு ஆளைப் பார்த்தார். அதே நிறம், அதே ஜெர்சி எண். கேம் விற்ற காசில் அவருக்கு ஒரு பைசா இல்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2019-இல் கலிபோர்னியா தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியது, விளம்பரம் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பழைய விதியைத் தூக்கிப் பிடிக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை. பத்தே நாளில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

திறந்ததும் என்ன ஆச்சு? பெரிய கல்லூரிகளின் பணக்கார ரசிகர்கள் கூட்டாக நிதி திரட்டி, ‘விளம்பரம்’ என்ற பெயரில் வீரர்களை இழுக்க ஆரம்பித்தார்கள். பச்சையாகச் சொன்னால் சம்பளம். அதை ஒளிக்காமல் சம்பளம் என்றே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஒப்புதல் தந்த சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர். இதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான். டென்னிஸுக்கு வருவது சில்லறை.

சரி, விசா விஷயத்துக்கு வருகிறேன். எஃப்-1 விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். வெளியே பார்க்க முறையான அனுமதி வேண்டும். கடைக்காக ரீல்ஸ் போட்டுக் காசு வாங்குவது, பணம் கட்டிய ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடப் போய் உட்காருவது எல்லாம் அனுமதி இல்லாத வேலையாகக் கணக்கிடப்படலாம். என்.சி.ஏ.ஏ. சரி என்று சொன்னது குடிவரவுத் துறையிடம் செல்லாது. இரண்டும் வேறு வேறு ஆட்கள். மாணவர் அந்தஸ்து போனால் படிப்பும் போச்சு, ஆட்டமும் போச்சு.

உச்சத்தில் இருந்தவர்களுக்கே இந்தக் கதிதான். கனடாக்காரர் ஜாக் ஈடி 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கூட ஆடிய அமெரிக்கப் பையன்களுக்குத் திறந்திருந்த விளம்பர வாய்ப்புகள் அவருக்கு இல்லை. காங்கோவிலிருந்து வந்த ஆஸ்கர் ஷீப்வே, 2022-இல் கென்டக்கி அணி பஹாமாஸில் ஆடப் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். அமெரிக்க மண்ணுக்கு வெளியே செய்தால் வேலை அனுமதிச் சிக்கல் இல்லை என்பது கணக்கு. அவ்வளவு பெரிய பெயருக்கு வக்கீல் வைத்துச் செய்தது அது. உங்கள் பையன் கோடை லீவில் ஊருக்கு வந்து உள்ளூர் ராக்கெட் கடைக்கு ஏதாவது செய்வதானால்கூட, கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பயிற்சியாளர் வாய்வார்த்தை போதாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘டென்னிஸ் ஸ்காலர்ஷிப்’ என்றால் முழுதா, பாதியா? 2025 வரை என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதையும் எட்டுப் பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இந்த வரம்பு போய், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. செலவு தாங்காமல் டென்னிஸ் அணியையே மூடிய கல்லூரிகளும் உண்டு. எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு உறுதி, அடிபட்டால் தொடருமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள்.