அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதையைப் படித்தேன். கூடப்பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு குடும்பப்பெயர். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் இறங்கியபோது, வாயில் நுழையாத பெயர்களை அதிகாரிகள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, அதுதான் காரணமா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

எல்லிஸ் தீவுக் கதையை அமெரிக்க யூதர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள், ஆனால் அது உண்மையில்லை. கப்பலேறிய இடத்திலேயே, ஜெர்மனியின் ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களிலேயே, கப்பல் கம்பெனிக்காரர்கள் பயணிகள் பட்டியலை எழுதிவிடுவார்கள். தீவில் இருந்த அதிகாரி கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அதைச் சரிபார்த்தார். பெயரை மாற்றியது பெரும்பாலும் குடியேறியவர்களேதான், அதுவும் பின்னால், குடியுரிமை வாங்கும்போதோ, யூதப் பெயரோடு போனால் வேலையும் கல்லூரி இடமும் கிடைக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகோ.

சரி, அண்ணன் தம்பி விஷயம். அவர்கள் கலீசியாவிலிருந்து, அதாவது இன்றைய தெற்குப் போலந்து, மேற்கு உக்ரைன் பக்கமிருந்து வந்தவர்கள் என்றால், விடை அங்கேயே இருக்கலாம். அங்கே பெரும்பாலான யூதர்களுக்கு முதலில் குடும்பப்பெயரே கிடையாது, மோசேயின் மகன் யாக்கோபு என்றால் போதும். 1787இல், அப்போது கலீசியாவை ஆண்ட ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப், எல்லா யூதர்களும் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். வரி வாங்க, ராணுவத்துக்கு ஆள் எடுக்க அரசுக்கு அது தேவைப்பட்டது. அதே அரசு யூதர்களின் திருமணப் பதிவுக்குக் கடும் கட்டணமும் கெடுபிடியும் வைத்தது. ஏழை ஜனங்கள் என்ன செய்வார்கள், மத முறைப்படி கல்யாணம் செய்துகொண்டு அதோடு விட்டுவிட்டார்கள். சட்டப்படி அது கல்யாணமே இல்லை. பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் வீட்டு எண், மருத்துவச்சி பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிள்ளை மட்டும் முறை தவறிப் பிறந்ததாக எழுதப்பட்டு அம்மாவின் குடும்பப்பெயரில் இருக்கும். ஊரறியக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இப்படி ஒரு முத்திரை! எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

ஆக, அண்ணன் அம்மா பெயரில் பாஸ்போர்ட் வாங்கிக் கப்பலேறியிருப்பான், தம்பி வீட்டில் புழங்கிய அப்பா பெயரிலேயே வந்திருப்பான். சில ஆவணங்களில் இரண்டு பெயரும் நடுவில் 'ரெக்டே' என்ற லத்தீன் சொல்லோடு சேர்ந்தே நிற்கும், சட்டப்படியான பெயர் எது என்று காட்ட. அப்புறம், பல தம்பதிகள் காகிதம் தேவைப்பட்டபோது வயதான காலத்தில் போய் கல்யாணத்தைப் பதிந்தார்கள். அதனால் அந்தக் குடும்பங்களில் பாட்டன் பாட்டியின் திருமணப் பதிவைத் தேடுகிறவர்கள், பேரப்பிள்ளைகள் பிறந்த வருஷங்களிலும் தேடிப் பார்ப்பது நல்லது.