கவின் கலைப் படிப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். செல்போனைப் பார்த்து நடிகர் முகங்களை அச்சு அசலாக வரைவாள். அது போதுமா? எங்கே சேர்க்கலாம்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வணிகவியல் தடையில்லை. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை கவின் கலை) படிப்பு உள்ளது. கோயில் சிற்ப மரபில் நாட்டம் என்றால் மாமல்லபுரம் அரசுக் கல்லூரி. உங்களுக்குப் பக்கம் பெங்களூரு சித்ரகலா பரிஷத், செலவு கூடும்.

நடிகர் முகங்கள் போதாது. செல்போன் படம் ஏற்கெனவே தட்டையாகிவிட்ட ஒன்று. எது முன்னால், எது பின்னால், எங்கே இருட்டு என்பதையெல்லாம் கேமராவே முடிவு செய்துவிட்டது. அதைப் பார்த்தே பழகிய கைக்கு எதிரில் ஒரு குடம், ஒரு செங்கல், ஒரு மடிந்த துணி வைத்து வரையச் சொன்னால் தெரிந்துவிடும்: குடத்தின் வாய் கோணும், நிழல் தரையில் ஒட்டாமல் மிதக்கும்.

தினமும் 18 படம் வரையட்டும். 30 வினாடியில் பத்து, 2 நிமிடத்தில் ஆறு, 10 நிமிடத்தில் இரண்டு. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 4பி, 6பி பென்சில் போதும், ரப்பர் வேண்டாம். புளி சீசனில், புளி உடைப்பவர்களிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் மாடலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், விட்ட கோட்டை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். கல்லூரிக்குக் காட்டும் தொகுப்பில் 15 முதல் 20 படம் இருக்கட்டும். நடிகர் முகம் ஒன்றே ஒன்று.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கேன்வாஸை மேலே அக்ரிலிக்கால் திருத்தினேன். ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது. கேன்வாஸ் மட்டமா?
– முதலாண்டு மாணவர், ஓசூர்

பதில்: கேன்வாஸைக் குறை சொல்லாதீர்கள். எண்ணெய்ப் பரப்பை, நீரில் கலக்கும் வண்ணமான அக்ரிலிக் பற்றாது. அடியில் அக்ரிலிக், மேலே எண்ணெய் என்றால் சரி; தலைகீழாகக் கூடாது. எண்ணெய் வண்ணத்துக்குள்ளேயே இன்னொரு வரிசையும் உண்டு: முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக, போகப் போக லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கூடுதலாக. லின்சீட் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு அடியில் இருந்தால், மேல் பூச்சு இறுகிய பிறகும் அது அசைந்துகொண்டிருக்கும். அப்புறம் வெடிப்புதான்.

அடித்தளத்துக்கு ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) மூன்று பூச்சு: ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். காசு மிச்சம் என்று சுவர் பிரைமர் அடிக்காதீர்கள். சுவர் அசையாது, துணி அசையும்.

கேள்வி: இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு மல்லப்பாடி பாறை ஓவியங்களை எடுத்திருக்கிறேன். குறிப்பேட்டுக்குத் தனி மதிப்பெண் என்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?
– மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: பலர் அதை வரலாற்றுக் கட்டுரையாக்கி, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கேட்பது அதுவல்ல, கை என்ன செய்தது, எங்கே தவறியது என்பதுதான். மல்லப்பாடியில் குதிரை வீரர்கள் வெள்ளை நிறத்தில் இருக்கிறார்கள். அதை நகலெடுப்பதைவிட, உங்கள் ஊர் மண்ணிலேயே ஒரு வண்ணம் செய்து பாருங்கள். குறிப்பேடு தானாக நிரம்பும்.

இரண்டு கைப்பிடி செம்மண்ணைச் சலித்து ஒரு வாளி நீரில் கலக்குங்கள். ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்த வண்டலைக் காயவைத்து அம்மியில் அரையுங்கள். நாட்டு மருந்துக் கடை வேலம் பிசின் ஒரு பங்கை இரண்டு பங்கு வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டிச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பிசின் குறைந்தால், காய்ந்த பிறகும் வண்ணம் விரலில் ஒட்டும். மிகுந்தால் பளபளத்துப் பிறகு செதிலாகும். மூன்று விகிதத்தில் கலந்து மூன்று தாள் துண்டுகளில் பூசி, தேதியும் அளவும் எழுதி ஒட்டுங்கள். கெட்டுப்போனதையும் ஒட்டுங்கள், காரணத்தோடு.

பாறைக்குப் போனால், படம் பளிச்சென்று தெரிய ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். பலர் செய்கிறார்கள், நிறம் போக அதுவும் ஒரு காரணம். மண்ணையும் அந்த இடத்தில் எடுக்க வேண்டாம். உங்கள் வயல் மண் போதும்.

கேள்வி: களிமண்ணில் செய்த தலை சூளையில் வெடித்துவிட்டது. உள்ளே காற்று அடைபட்டதால் என்கிறார்களே?
– வாசகர், பென்னாகரம்

பதில்: காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். தடித்த மண்ணுக்குள் மிஞ்சிய நீர் 100 டிகிரியில் ஆவியாகி, வழியில்லாமல் பிளந்துகொண்டு வருகிறது. தலையைப் பாதியாக அறுத்து உட்புறம் குடைந்து, சுவரை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். வெட்டிய விளிம்புகளைக் கீறி, குழைத்த மண் தடவி ஒட்டி, கழுத்தடியில் ஒரு துளை விடுங்கள். நிழலில் இரண்டு வாரம் காயட்டும். கன்னத்தில் வைக்கும்போது குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூளையிலும் முதல் சில மணி நேரம் 100 டிகிரிக்குள் மெல்லிய தீயே போதும்.