பில் எங்கே, தம்பி?

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற ட்ரையத்லான் போட்டிக்கு முதன்முதலாகத் தயாராகிறவர்களிடமிருந்து இந்தத் தடவை ஏகப்பட்ட கடிதம். சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஒருவர் தன் பயிற்சி அட்டவணையையே நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார். கேள்வி கடைசி வரியில் இருந்தது.

கேள்வி: ஸ்பிரின்ட் தூரத்துக்கு, அதாவது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், ரோட் பைக் (ஒல்லி டயர் போட்ட பந்தயச் சைக்கிள்) கட்டாயமா? வீட்டில் பழைய கியர் சைக்கிள் இருக்கிறது. (பாபநாசம்)

பதில்: கட்டாயமில்லை. பிரேக் பிடிக்கிறதா, ஹேண்டில்பார் முனை இரண்டும் மூடியிருக்கிறதா, ஹெல்மெட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நம் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். இருக்கிற கியரே தாராளம். பட்டன் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான டயர் போடுங்கள். மிச்சப் பணத்தில் ஹெல்மெட் வாங்குங்கள், புதிதாக. ஒரு தரம் அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். தாடைப் பட்டையைப் பூட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்தால் நடுவர் விடமாட்டார், அதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருச்சியில் ஒரு கடையில் 60,000 ரூபாய்க்கு ரோட் பைக் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். "இதுதான் சார் உங்க சைஸ்" என்று பிரேம் அளவு 56 உள்ளதைக் கொடுத்தார்கள். கழுத்தும் முதுகும் வலிக்கிறது. மிதித்தால் பெடல் அச்சில் கடகடவென்று சத்தம் வேறு. கேட்டால், "உடம்பு பழகணும் சார்." பில் போட்டால் வரி சேரும் என்று வெறும் தாளில் எழுதித் தந்தார்கள்... (கும்பகோணம்)

பதில்: ஏமாந்திருக்கிறீர்கள், தம்பி. அதுவும் இரண்டு வகையில்.

முதலில் சைஸ். உங்கள் உயரத்துக்கு 52ஐ ஒட்டித்தான் பார்த்திருக்க வேண்டும். சட்டை தைக்கிறவர்கூட டேப் வைத்து அளக்காமல் கத்தரியைத் தொடுவதில்லை. சைக்கிள் கடைகளில் எத்தனை பேர் வாடிக்கையாளரின் கால் நீளத்தை அளந்து பார்க்கிறார்கள்? கடையில் எது விற்காமல் நிற்கிறதோ அதுதான் வந்தவர் சைஸ்.

அடுத்தது பில். எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், இன்னொரு தரமும் எழுதுகிறேன். சைக்கிளுக்கு ஜிஎஸ்டி முன்பு 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அறுபதாயிரத்துக்கு மூவாயிரம் ரூபாய் வருகிறது. அதை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்கிறவர் தன் பொறுப்பைத்தான் மிச்சம் பிடிக்கிறார். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்க வாய் இல்லை. சைக்கிள் திருடு போனால் போலீஸில் காட்ட பிரேம் எண் போட்ட தாள் இல்லை. நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் நம்மையே ஒரு மாதிரி பார்ப்பான். "நம்ம கடை சார், எங்கே ஓடிப்போயிடப் போறோம்" என்பார்கள். ஓடமாட்டார்கள்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எப்ப வாங்குனீங்க?" என்று கேட்பார்கள். இந்தப் பேச்சை நம்பி நான் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று இன்னும் கொல்லையில் கிடக்கிறது.

சரி, காரியம் கைமீறிப் போய்விடவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தச் சத்தத்தை முதலில் வையுங்கள், அதுதான் தெளிவான குறை. தப்பான சைஸைச் சரி என்று சொல்லி விற்றதை அடுத்து வையுங்கள். யுபிஐயில் பணம் போன விவரம், வாட்ஸ்அப் பேச்சு, அந்த வெறும் தாள் எல்லாம் சாட்சி. ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை திருச்சியில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் இரண்டு நாளைக்குள் கடிதம் போடுங்கள்.

கேள்வி: பழைய வெட்சூட் (குளிர்ந்த தண்ணீரில் நீந்தப் போடுகிற ரப்பர் உடுப்பு) ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். போட்டியில் போடக் கூடாது என்கிறார்கள். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (மன்னார்குடி)

பதில்: அவர் ஏன் எடுக்க வேண்டும்? 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அமெச்சூர்களுக்கு வெட்சூட் கூடாது என்பது சர்வதேச விதி. நம் கடற்கரையில் மார்கழியிலும் தண்ணீர் அதைவிடச் சூடு. பணம் கொடுப்பதற்கு முன்னால் விதியைப் படித்திருக்கலாம். குளிர் ஊர்க்காரர் யாராவது அகப்பட்டால் விற்றுப் பாருங்கள்.

கேள்வி: "நீச்சலுக்கு ஏற்றது" என்று போட்டிருந்த வாட்சை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாவது நீச்சலிலேயே திரை அணைந்துவிட்டது. தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லையாம். சம்பளத்தில் பாதி போய்விட்டது... (திருத்துறைப்பூண்டி)

பதில்: வயிறு எரிகிறது. நீச்சலுக்கு என்று சொல்லி விற்றுவிட்டுத் தண்ணீர் பட்டதைக் குற்றமாகச் சொல்வது என்ன நியாயம்? அந்த விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விடாதீர்கள். மற்றவர்களுக்கு: ஐபி68 என்ற தண்ணீர்த் தடுப்புக் குறி போட்டிருந்தால் அசையாத தண்ணீரில் வைத்துச் சோதித்தது என்று அர்த்தம். நீந்துவதற்கு 5 ஏடிஎம் (தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆற்றில் பழக, இடுப்பில் கட்டுகிற காற்று மிதவை வாங்கினால் பாதுகாப்புதானே? (திருவையாறு)

பதில்: இல்லை. தூரத்திலிருந்து நீங்கள் கண்ணில் படுவதற்காக அது. உயிர்காக்கும் கருவி இல்லை என்று பெரும்பாலும் அதிலேயே அச்சடித்திருக்கும், பொடி எழுத்தில். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மதகுப் பக்கமும் ரெகுலேட்டர் பக்கமும் போகவே போகாதீர்கள், இழுவை மேலே தெரியாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் வேறு. மிதவைக் காசை நீச்சல் குளத்தில் கட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைன் பயிற்சியாளருக்கு ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்டினேன். எனக்கென்று தயாரித்ததாகச் சொன்ன அட்டவணையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. இப்போது போனும் எடுப்பதில்லை. (ஓர் ஆசிரியை, மயிலாடுதுறை)

பதில்: பெயரை அழிக்கக்கூடச் சோம்பல்! அம்மா, இது சேவைக் குறைபாடு. பொருளுக்கு இருக்கிற அதே சட்டம் இதற்கும் உண்டு. அந்த அட்டவணையே உங்கள் முதல் சாட்சி. மேலே கும்பகோணத்துத் தம்பிக்குச் சொன்ன வழியிலேயே போங்கள். இனிமேல் மாதா மாதம் கட்டுங்கள்.

கேள்வி: முதல் சீசனுக்கு கார்பன் தட்டு வைத்த ஷூ வாங்கலாமா? அரை சைஸ் சின்னது தள்ளுபடியில் கிடைக்கிறது. (பட்டுக்கோட்டை)

பதில்: இரண்டும் வேண்டாம். "போகப்போகத் தளர்ந்துடும்" என்று எனக்கும் ஒரு பையன் விற்றான். தளரவில்லை, பெருவிரல் நகம்தான் கறுத்தது. ஷூ இப்போது தங்கை மகனிடம்.

கேள்வி: போட்டிக்குப் பணம் கட்டிவிட்டு அறுவடை வேலையில் மறந்துவிட்டேன். திருப்பிக் கேட்கலாமா? (கீழ்வேளூர்)

பதில்: கேட்கலாம். தரமாட்டார்கள். அவர்களே போட்டியை ரத்து செய்திருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

கேள்வி: ஜிம்மில் புரதப் பவுடர் கவரில் போட்டு மலிவாகத் தருகிறார்கள். (திருவாரூர்)

பதில்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. பிறகு என்ன தைரியத்தில் சாப்பிடுகிறீர்கள்?

கேள்வி: கருவேல முள்ளால் வாரா வாரம் பஞ்சர். காற்றே வேண்டாத கெட்டி ரப்பர் டயர் வாங்கலாமா? ஊர் பஞ்சர் கடைக்காரர் என் ஒல்லி வால்வைப் பார்த்ததும் கைவிரிக்கிறார். (வேதாரண்யம்)

பதில்: கெட்டி டயர் இடுப்பை ஒடித்துவிடும், வேகமும் வராது. பிரேமில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் டயர், உள்ளே முள் தடுக்கும் பட்டை. மாற்று ட்யூப் கையிலேயே இருக்கட்டும், மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல் காய்கிற பக்கம் போகாதீர்கள், அங்கே டயர் வழுக்கும். ஒல்லி வால்வில் திருகி மாட்ட ஒரு சின்ன பித்தளை அடாப்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும்.