தபால் விமானமும் சர்க்கார் பணமும்

அன்புள்ள ஐயா,

1935இல் திருவனந்தபுரத்தில் விமானம் வந்திறங்கியது பிரிட்டிஷ் சர்க்கார் செலவில்தான் என்று எங்கள் ஊர் நூலக மலரில் படித்தேன். அது சரியா? விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் அப்போது சர்க்கார் பணம் கொடுத்ததா?

– வாசகர், பாறசாலை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வருடம் அக்டோபர் 29 அன்று பம்பாயிலிருந்து வந்திறங்கியது டாடா விமானம். திருவனந்தபுரம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; அங்கே விமானத்தளம் வர முன்னின்றவர் அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜா. டாடாவுக்கு 1932இல் கராச்சி, பம்பாய், பெல்லாரி, சென்னை தடத்துக்குப் போட்ட ஒப்பந்தத்திலேயே மானியம் கிடையாது. சுமந்த தபாலின் எடைக்குக் கூலி, அவ்வளவுதான். பை இளைத்தால் நஷ்டம் கம்பெனிக்கு.

சர்க்கார் பணம் போனது லண்டன்–ஆஸ்திரேலியா தடத்துக்கு. 1929 டிசம்பரில் பிரிட்டிஷ் கம்பெனியான இம்பீரியல் ஏர்வேஸின் விமானங்களை வாடகைக்கு எடுத்து கராச்சி–டெல்லி தபாலை நடத்தினார்கள். சிக்கன நடவடிக்கையில் 1931 முடிவோடு அது நின்றது. பிறகு டெல்லி ஃப்ளையிங் கிளப் தன் சின்ன விமானங்களில் அந்தத் தபாலைச் சுமந்தது. லண்டன் தடத்தின் இந்தியப் பகுதிக்காக 1933இல் பிறந்த இந்தியன் டிரான்ஸ்கான்டினென்டல் கம்பெனியில் இம்பீரியலுக்கு 51 சதவீதம், இந்தியன் நேஷனல் ஏர்வேஸுக்கு 25, இந்திய சர்க்காருக்கு 24. நம் வரிப்பணம், அவர்கள் பாதை.

பயிற்சிக்கு மானியம் உண்டு. 1928 முதல் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு மாத் ரகச் சின்ன விமானங்களும் ஆண்டு மானியமும் கிடைத்தன. பெட்ரோலைவிட ரிப்பேர்தான் கிளப்புகளைக் கடிக்கும். மாணவர் சக்கரத்தைத் தரையில் பலமாக மோதினால் அடிச்சட்டம் வளையும். புரொப்பல்லர் மரம், தரையில் பட்டால் பிளக்கும். ஒட்டுப்பலகையை ஒட்டியது பால்புரதப் பசை. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடித்து விட்டுப்போகும். ஆகவே மெக்கானிக் பார்வையிடாமல் பறக்கவிட முடியாது, அவர் சம்பளமும் சேரும்.

சொந்தமாகப் பறப்பதற்கான ஏ லைசென்ஸ் சோதனையில் அப்போது 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களைச் சுற்றி ஐந்து முறை எட்டு போட வேண்டியிருந்தது. எஞ்சினை அணைத்துச் சறுக்கி, குறித்த இடத்துக்கு 150 மீட்டருக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10இல் இங்கே வாங்கிய முதல் லைசென்ஸ் இப்படிப்பட்டதுதான். ஆனால் அதை வைத்துக் கூலிக்கு ஓட்ட முடியவில்லை. கூலிக்கு ஓட்டுவதற்கான பி லைசென்ஸுக்குப் பறந்த மணி நேரம் அதிகம் வேண்டியிருந்தது, இரவுப் பறப்பும் வேண்டியிருந்தது. மானியம் பழக்கிவிட்டது; வேலை தரவில்லை. இதுதான் என் குறை.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் கணக்கு மாறியது. விமானப்படைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஹைதராபாத் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் டைகர் மாத் விமானங்களோடு தொடக்கப் பயிற்சிப் பள்ளிகள் நடந்தன. அங்கே மாணவர் தன் கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியதில்லை.